தேய்ந்த இடங்கள்

வீட்டில் நெடுநாள் புழங்கும் பொருள்கள் யாவும் தேய்கின்றன. அம்மி நடுவில் குழிகிறது. உலக்கையின் பிடி, பிடித்த கைகளுக்கேற்ப மெலிகிறது. வாசற்படியின் விளிம்பு மழுங்குகிறது. அன்றாடம் உருட்டிய செபமாலையின் மணிகள் பளபளப்பேறிச் சிறுக்கின்றன. கணக்கெழுதுவோர் இதற்குத் தேய்மானம் என்று பெயரிட்டு, ஆண்டுதோறும் பொருளின் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துவிடுவர். வீட்டார் அவ்வாறு கழிப்பதில்லை. பாட்டியின் கை பட்டுத் தேய்ந்த உலக்கையைக் கொடுத்துப் புதியதொன்றை வாங்கிக்கொள்ள எந்த வீட்டிலும் எளிதில் இசைய மாட்டார்கள். தேய்ந்த அந்த இடத்தில், அதைப் பயன்படுத்தியவர் இன்னும் இருக்கிறார் என்று நாம் எண்ணுகிறோம்.

இந்த எண்ணம் பெரும்பாலும் நமக்குத் தொல்லை தருவதில்லை. அம்மியும் உலக்கையும் யாருக்கும் தீங்கிழைத்தவை அல்ல. ஆனால் தேய்ந்த பொருள் உயிர் கொல்லும் கருவியாக இருந்தால் என் செய்வது? அதன் தேய்மானத்தில் தந்தையின் கையையும், தங்கள் இளமையையும், குடும்பமாய் ஒன்றுகூடி நடந்த விடியற்காலைகளையும் காண்பவர்கள், அதே தேய்மானத்தில் வேறொன்றையும் காணக் கடமைப்பட்டவர்கள் ஆகார்களா?

இக்கேள்வியை நாங்கள் நூல்களில் தேடிப் பெறவில்லை. அது எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. எடமலைப்பட்டி புதூரில் உள்ள எங்கள் வீட்டின் மர அலமாரியில் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று 60 ஆண்டுகளுக்கு மேலாக இருந்து வந்தது. 2021-ஆம் ஆண்டில் எங்கள் தந்தையார் தமது 91-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். உரிமம் பெற்றவர் இறந்தபின் ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்க 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இடந்தருவதில்லை. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ அதை ஒப்படைத்துவிட்டு, வாரிசுகள் பின்னர் முடிவு செய்ய வேண்டும். எங்களில் ஒருவர் பெயருக்கு உரிமம் கேட்பதா, விற்பதா, அரசிடமே கையளிப்பதா? அண்ணன் தம்பி மூவரும் தங்கை ஒருத்தியுமாகிய எங்கள் நால்வர் முன் அந்த முடிவு வந்து நின்றது. அதைப் பற்றிப் பேசத் தொடங்கியபோதுதான், துப்பாக்கியைப் பற்றி மட்டும் நாங்கள் பேசவில்லை என்பது புலப்பட்டது.

*

இன்று எடமலைப்பட்டி புதூருக்கு வருவோர் அங்கு ஒரு நகரத்தைத்தான் காண்பர். 1994-இல் திருச்சிராப்பள்ளி மாநகராட்சி ஆயிற்று. திருவரங்கமும் பொன்மலையும் அதனுள் அடங்கின. 2025-இல் அருகிலுள்ள பஞ்சப்பூரில் மாபெரும் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. மதுரைச் சாலையின் இருமருங்கிலும் மனைப்பிரிவுகள். ஆனால் 1960-களில் எங்கள் தெருவின் கோடியில் ஊர் முடிந்துவிடும். அப்பால் கோரையாறு. ஆற்றைக் கடந்தால் வானம் பார்த்த பூமி. காவிரியின் ஈரம் எட்டாத அந்நிலத்தில் கம்பும் சோளமும் நிலக்கடலையும் விளைந்தன. விளையாத இடங்களில் உடைமரமும் கருவேலமும் சப்பாத்திக்கள்ளியும் மண்டிக் கிடந்தன. திருச்சி என்றாலே வயலும் வாழையும் என்று எண்ணுவோர் ஊரின் தென்மேற்குப் புறத்தைக் கண்டிராதவர்.

அந்த முட்காடுதான் கௌதாரியின் வீடு. சங்க நூல்களில் இதல், சிவல், பூழ் என வரும் பெயர்கள் கௌதாரி, காடை இனப் பறவைகளையே குறிக்கும். மண்ணும் காய்ந்த புல்லும் கலந்த நிறம். தொண்டையைச் சுற்றிக் கறுப்புக் கோடு. பறப்பதைக் காட்டிலும் ஓடுவதையே விரும்பும் பறவை அது. மிகவும் நெருங்கிவிட்டால் மட்டும் படபடவென்று சிறகடித்து எழும்பிச் சிறிது தொலைவு பறந்து மீண்டும் புதருக்குள் இறங்கிவிடும். தரையில் கூடு கட்டும். இரவில் முள்மரக் கிளையில் அடையும். கறையானும் புழுவும் விதையும் உண்ணும். விடியலில் ஒன்று ஓங்கிக் கூவினால், தொலைவிலிருந்து மற்றொன்று மறுமொழி கூறும். அந்தக் கூவல்தான் எங்கள் சிறுவயதின் காலை மணி.

அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தார். நாகப்பட்டினத்திலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்டு 1928 முதல் பொன்மலையில் இயங்கி வரும் பணிமனை அது. பணி ஓய்வு பெற்று ஊர்விட்டுச் சென்ற ஆங்கிலோ இந்திய அலுவலர் ஒருவரிடமிருந்து 1958-இல் அத்துப்பாக்கியை முறைப்படி வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை முதல் திருப்பலி முடிந்து வீடு வந்ததும், காப்பியைக் குடித்துவிட்டு நாங்கள் புறப்படுவோம். அப்பா முன்னே, மூத்தவர் அவருக்கு இடப்புறம் இரண்டடி பின்னே, இளையவர்கள் அதற்கும் பின்னே, தங்கை கடைசியில், கையில் துணிப்பையோடு. இந்த வரிசை ஒருநாளும் மாறியதில்லை.

அப்பாவுக்கு விதிகள் இருந்தன. ஓடும் பறவையைச் சுடமாட்டார். அடைந்திருக்கும் பறவையைச் சுடமாட்டார். பங்குனி பிறந்துவிட்டால் துப்பாக்கியை எடுக்கமாட்டார். முட்டை வைக்கும் காலம் என்பார். தவக்காலத்தில் புலால் இல்லையாதலால், கிறிஸ்து பிறப்புக்கும் திருநீற்றுப் புதனுக்கும் இடைப்பட்ட வாரங்களே எங்கள் வேட்டைக் காலம் ஆயின. ஒரு கூட்டத்திலிருந்து இரண்டுக்கு மேல் எடுப்பதில்லை. காயம்பட்ட பறவையைத் தேடிக் கண்டெடுக்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. இவ்விதிகளை அவருக்கு யார் கற்பித்தார்களோ, நாங்கள் கேட்டதில்லை. கூட்டில் தாய்ப்பறவையைக் கண்டால் அதைப் போகவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூலில் ஒரு கட்டளை உண்டு. அதை அவர் அறிந்திருந்தார் என்பது மட்டும் தெரியும்.

வீட்டில் அம்மா பறவையை மிளகரைத்து வறுப்பார். உண்ணும்போது பல்லில் ஈய ரவை கடிபடும். கடிபட்ட ரவையைத் தட்டின் ஓரத்தில் வைப்போம். யார் தட்டில் அதிகம் என்று எண்ணிப் பார்ப்பது எங்களுக்கு விளையாட்டாக இருந்தது. ஈயம் உடலுக்கு நஞ்சு என்று யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

*

அத்துப்பாக்கி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் செய்யப்பட்டது. விற்பனைக்கு முன் குழல்களை மிகையான மருந்திட்டுச் சுட்டுச் சோதிக்கும் நிலையம் ஒன்று அந்நகரில் 1813-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. சோதனையில் தேறிய குழல்களின் அடியில் அதன் முத்திரை இருக்கும். எங்கள் துப்பாக்கியிலும் இருந்தது. 12 போர் என்பது அதன் அளவு. குழலின் உள்வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்பது அந்த எண்ணின் பொருள். பறவைக்கான ஒரு தோட்டாவில் இருநூறுக்கு மேற்பட்ட சிறு ரவைகள் அடங்கும். சுட்டதும் அவை காற்றில் விரிந்து செல்லும்.

துப்பாக்கி எங்கெல்லாம் தேய்ந்திருந்தது என்பதை எங்களால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியும். நீலமேற்றிய எஃகில், நடக்கும்போது கை தாங்கிப் பிடிக்கும் இடம் மட்டும் வெள்ளி போல் வெளுத்திருந்தது. வால்நட் மரக்கட்டையில், கை வழுக்காதிருக்கச் செதுக்கியிருந்த குறுக்குக் கோடுகள் மழுங்கி வழவழப்பாகியிருந்தன. கன்னம் பதியும் மேல்விளிம்பு அப்பாவின் வியர்வை ஊறிக் கறுத்து மின்னியது. விசைகள் இரண்டு. முன்விசை வலக்குழலுக்கு, பின்விசை இடக்குழலுக்கு. முன்விசையின் வளைவு பளபளத்தது. பின்விசை அவ்வளவு தேயவில்லை.

திருச்சியில் 1966-இல் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அண்டை வீட்டார் ஒருவர், அப்பா உயிரோடு இருந்தபோது அதைப் பார்த்துவிட்டு எங்களுக்கு ஒன்றைக் கற்பித்தார். குழலைத் திறக்கும் லீவர், புதிய துப்பாக்கியில் மூடிய நிலையில் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நிற்கும். திறந்து மூடித் திறந்து மூடி உள்ளே தாழ் தேயத் தேய, அது நடுவுக்கு வரும். பின்னர் இடப்புறம் சாயும். எங்கள் துப்பாக்கியின் லீவர் நடுவைத் தாண்டிவிட்டிருந்தது. “நிறைய உழைச்சிருக்குங்க” என்றார் அவர். அப்பாவின் முகத்தில் அப்போது தோன்றிய பெருமிதத்தை நாங்கள் கண்டோம்.

அவர் மேலும் ஒன்றைச் சொன்னார். குழல்களின் மேல் நீலம் முழுவதுமே மெலிந்து பழுப்பேறியிருந்தது. “இது சுட்டுத் தேய்ஞ்சது இல்லை. தொடைச்சுத் தேய்ஞ்சது” என்றார்.

அவர் கூறியது உண்மையே. அப்பா வேட்டையாடியது 1958 முதல் 1974 வரை, 16 ஆண்டுகள். அதன்பின் அவர் ஒரு தோட்டாவும் சுட்டதில்லை. ஆயினும் ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பிற்பகலில் துப்பாக்கியை வெளியே எடுத்துத் தாளில் விரித்து வைப்பார். மூன்று துண்டாய்த் திருகிப் பொருத்தும் கழியில் துணி சுற்றிக் குழல்களுக்குள் விடுவார். தையல் இயந்திர எண்ணெயால் மேற்புறம் துடைப்பார். திறந்து மூடிப் பார்ப்பார். தேர்தல் அறிவிக்கப்படும்போதெல்லாம் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, முடிந்தபின் மீட்டு வந்து, மீண்டும் துடைப்பார். 47 ஆண்டுகள் இவ்வாறு துடைத்தார். நாங்கள் வேட்டையின் தழும்பு என்று போற்றியதில் பெரும்பகுதி அந்த எண்ணெய்த் துணியின் வேலை.

*

அப்பா வேட்டையை ஏன் விட்டார்? பிறருக்குச் சொல்லும்போது நாங்கள் இதைச் சற்று அழகுபடுத்தியே சொல்லி வந்தோம். காயம்பட்ட பறவையின் கண்ணைக் கண்டு மனம் மாறினார் என்று சொல்லக் கேட்போர் மகிழ்வர். உண்மை அதுவன்று. 1972-இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. முதலில் அச்சட்டம் சிறு வேட்டைக்குத் தனி உரிமம் பெறும் வழியை வைத்திருந்தது. அந்த அலைச்சல் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அதைவிட முக்கியமாக, ஆற்றுக்கு இப்பாலும் அப்பாலும் வீடுகள் எழும்பிவிட்டன. எந்தத் திசையில் சுட்டாலும் ரவை போய் விழும் தொலைவில் யாரோ ஒருவர் இருந்தார். ஆகவே விட்டார். 1991-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், கௌதாரி உட்பட அட்டவணைகளில் கண்ட பறவை, விலங்குகளின் வேட்டையைப் பொழுதுபோக்காக யாரும் தொடர முடியாதவாறு தடுத்துவிட்டது. அதற்குள் அப்பா 17 ஆண்டுகளாகச் சுடாதவராகியிருந்தார்.

துப்பாக்கி இல்லாமலும் அவர் நடந்தார் என்பதை மட்டும் அவர் சார்பில் சொல்ல வேண்டும். அதே ஞாயிறு, அதே வழி. எந்த வேலியில் எத்தனை கௌதாரி அடைகிறது என்பது அவருக்குத் தெரியும். தோட்டக்காரர் ஒருவர் உடைமுள்ளை வெட்டிச் சுத்தம் செய்ய முற்பட்டபோது, ஒரு மூலையை மட்டும் விட்டுவிடுமாறு கேட்டு நின்றார்.

வேட்டையாடியவர்களே காவலர்களாக மாறிய வரலாறு நம் நாட்டில் புதிதன்று. பறவையியல் அறிஞர் சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் இருந்த மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்து, அது என்ன பறவை என்று கேட்க 1908-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வாயிலை மிதித்தார். அந்தக் கேள்வி அவர் வாழ்க்கையாயிற்று. 1985-இல் வெளிவந்த தம் வரலாற்றுக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியையே பெயராகச் சூட்டினார். நீலகிரியில் வழக்கறிஞராக இருந்த ஈ.ஆர்.சி. தாவிதார் துப்பாக்கி ஏந்திக் காட்டுக்குள் சென்றவர். பின்னர் அதே மலைகளில் வரையாட்டின் நிலையை 1970-களில் ஆராய்ந்து எழுதினார். அதே நீலகிரியில் 1877-இல் தோன்றிய வேட்டைக்காரர் சங்கம்தான் பிற்காலத்தில் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சங்கமாக மாறியது. உயிர்களை உற்று நோக்கும் கண்ணை வேட்டை சிலருக்குக் கொடுத்திருக்கிறது என்பதை மறுக்க இயலாது.

*

துப்பாக்கியை என்ன செய்வது என்று பேச நாங்கள் கூடிய அன்று, இவற்றையெல்லாம் அண்ணன் எடுத்துரைத்தார். உரிமத்துக்குத் தாமே விண்ணப்பிப்பதாகவும், அப்பாவின் நினைவாக அது வீட்டில் இருக்கட்டும் என்றும் கூறினார். அவர் தேய்ந்த இடங்களை ஒவ்வொன்றாக நினைவுபடுத்தியபோது எங்கள் கண்கள் கலங்கின. பின்விசை தேயாதிருந்தது அப்பாவின் கட்டுப்பாட்டுக்குச் சான்று என்றார். முதல் குண்டிலேயே வீழ்த்திவிடுவார்; இல்லையேல் விட்டுவிடுவார் என்றார்.

அதுவரை பேசாதிருந்த தங்கை அப்போது வாய் திறந்தாள்.

“அண்ணே, துப்பாக்கி எங்கெங்க தேஞ்சிருக்குன்னு சொன்னீங்க. பை என் கையில இருந்துச்சு. பின்னாடி விசை கொஞ்சமாவது தேஞ்சிருக்குல்ல? அந்தக் கொஞ்சம் என்னன்னு எனக்குத் தெரியும். உயிரோட விழுந்ததைத் தேடிப் புடிச்சுக் கழுத்தைத் திருகினது நான்தான். நீங்க எல்லாரும் அடுத்த புதரைப் பாத்துக்கிட்டு நின்னீங்க.”

யாரும் மறுமொழி கூறவில்லை. காயம்பட்ட பறவையை விட்டுச் செல்லக் கூடாது என்ற அப்பாவின் உயர்ந்த விதியை நிறைவேற்றியவை ஒன்பது வயதுப் பெண்ணின் கைகள் என்பதை ஐம்பது ஆண்டுகளாக நாங்கள் நினைத்துப் பார்க்கவேயில்லை. நாங்கள் அவளை மறக்கவில்லை. பையோடு நடந்த சிறுமியாக அவள் எங்கள் கதையில் இருந்தாள். பையில் இருந்தது எவ்வாறு அங்கே வந்தது என்பது மட்டும் கதையில் இல்லை.

அப்பாவின் குறிப்பேடு ஒன்றும் அன்று மேசைமேல் இருந்தது. உரிமக்காரர் தோட்டாக் கணக்குக் காட்ட வேண்டியவர். ஆகையால் 1958 முதல் அழகிய கையெழுத்தில் வாங்கியது, செலவானது, மீதி என மூன்று பத்தி எழுதி வைத்திருந்தார். ஒரு தோட்டாவும் தவறவில்லை. பறவைகளுக்கு அதில் பத்தி இல்லை. அரசு கேட்டதற்கு அவர் கணக்கு வைத்தார், கேளாததற்கு வைக்கவில்லை. நம்மில் பலரும் வாழ்நாளெல்லாம் இவ்வாறுதானே கணக்கு வைக்கிறோம்?

*

எனவே கேள்வி இதுவாயிற்று. ஓர் உயிரின் வலியை விலையாகக் கொடுத்துப் பெற்ற மகிழ்ச்சியின் நினைவை, அந்த வலியை உணர்ந்தபின்னும் நாம் போற்றி வைத்துக்கொள்ளலாமா?

முதலில் தோன்றும் விடை, அந்தக் காலம் வேறு என்பது. அன்று சட்டம் தடுக்கவில்லை. ஊரும் குறை சொல்லவில்லை. இதில் ஓரளவு நியாயம் உண்டு. அறியாமல் செய்ததும் அறிந்து செய்ததும் ஒன்றாகா. ஆனால் சட்டம் வந்த ஆண்டில்தான் பறவைக்கு வலி தொடங்கியது என்று யாரும் கூற மாட்டோம். அன்றைய வழக்கம் எங்கள் குற்றத்தின் எடையைக் குறைக்கலாம். நேர்ந்ததை நேராததாக்க இயலாது.

இரண்டாவது விடை, கௌதாரியை அழித்தது துப்பாக்கி அன்று, மனைப்பிரிவு என்பது. இதிலும் உண்மை இருக்கிறது. கௌதாரி இன்றும் அழிவின் விளிம்பில் உள்ள இனம் அன்று. தமிழகத்தின் வறண்ட நிலங்களில் பரவலாகவே வாழ்கிறது. எடமலைப்பட்டி புதூரில் அது ஒலியடங்கியது முட்காடு வீடுகளானதால்தான். அவ்வீடுகளில் ஒன்று எங்களுடையது. பிறர் செய்த பெருந்தீங்கைக் காட்டி நம் சிறுதீங்கை மறைக்கும் இந்த வாதத்தில், அந்தப் பிறருள் நாமும் இருப்பதைக் கண்டபோது அண்ணன் அதைக் கைவிட்டார்.

மூன்றாவது விடை சற்று வலிமையானது. புலால் உண்பவர்கள் வேட்டைக்காரரைக் குறைகூறத் தகுதியுடையவர்களா? ஞாயிறுதோறும் கடைவாசலில் வரிசையில் நின்று கோழி வாங்குகிறோம். அதன் கழுத்தை நாம் திருகுவதில்லை. திருகுபவர் முகத்தையும் பார்ப்பதில்லை. திருக்குறளில் புலான்மறுத்தல் அதிகாரம் விற்பவனையும் வாங்குபவனையும் ஒரே கண்ணியில் பிணைத்துப் பேசுகிறது. வேட்டைக்காரர் தாம் கொன்றதைத் தம் கண்ணால் கண்டவர். அந்த அளவில் அவர் நம்மைவிட நேர்மையானவர் என்று சொல்ல நாங்கள் விரும்பினோம். ஆனால் எங்கள் வேட்டையில் கண்டது யார்? நாங்கள் அடுத்த புதரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்காரர் கையில் இன்று நாம் விட்டுவிடுவதை, அன்று ஒரு சிறுமியின் கையில் விட்டிருந்தோம். கூசும் பகுதியை வலிமை குறைந்தவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் காட்டிலும் இருந்தது, கடைத்தெருவிலும் இருக்கிறது.

இந்த இடத்தில் நரிக்குறவ மக்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த முட்காட்டில் கண்ணியும் பழக்கிய கௌதாரியுமாக அவர்களை அடிக்கடி சந்திப்போம். பழக்கிய பறவை கூவினால், எதிர்த்துக் கூவிக்கொண்டு காட்டுப் பறவை வந்து கண்ணியில் மாட்டும். எங்களுக்கு அது ஞாயிற்றுக்கிழமை. அவர்களுக்கு அது வாழ்வு. சட்டம் இரு சாராருக்கும் ஒன்றாகவே கதவடைத்தது. எங்களுக்கு ஒரு பொழுதுபோக்குப் போயிற்று. அவர்களுக்கோ பிழைப்பே போயிற்று. திருச்சிக்கு அருகே தேவராயநேரியில் அவர்கள் குடியிருப்பு ஒன்று உண்டு. பழங்குடிப் பட்டியலில் அவர்கள் சேர்க்கப்பட 2023 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உயிர்களிடத்து அன்பு என்ற சொல்லை நாம் உச்சரிக்கும்போது, அதன் விலையை யார் செலுத்தினார்கள் என்று கேட்பதும் நம் கடமை.

விவிலியத்தில் கௌதாரி அரிதாகவே வருகிறது. ஓரிடம் சாமுவேல் முதல் நூலில். தம்மைத் துரத்தி வரும் சவுல் அரசரிடம், மலையில் கௌதாரியை வேட்டையாடுவதுபோல் தம்மை வேட்டையாடுவதாகத் தாவீது முறையிடுகிறார். வேட்டையை நாங்கள் எப்போதும் துப்பாக்கியின் பின்பக்கத்திலிருந்தே கண்டிருக்கிறோம். தாவீது அதைப் பறவையின் பக்கத்திலிருந்து பேசுகிறார். தொடக்க நூலிலோ, ஈசாக்கு தம் மகன் ஏசாவிடம் அன்பு கொண்டதற்கு அவன் கொணர்ந்த வேட்டை இறைச்சி காரணமாகச் சொல்லப்படுகிறது. அந்த அன்பு பொய் என்று நூல் சொல்லவில்லை. அது எதன் வழியாக வந்தது என்பதை மட்டும் மறைக்காமல் சொல்கிறது.

எங்கள் கேள்விக்கான விடையை நாங்கள் இங்குதான் கண்டோம். அந்தக் காலைகளில் அப்பாவுக்கும் எங்களுக்கும் இடையே இருந்த அன்பு மெய். பறவை செலுத்திய விலையும் மெய். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்க வேண்டியதில்லை, அழிக்கவும் முடியாது. அப்பாவைக் கொடியவராக்கினால் நாங்கள் பொய்யர்களாவோம். பறவையை மறந்தாலும் பொய்யர்களாவோம். நினைவைப் போற்றுவது தவறன்று. நினைவைப் பாதியாக வெட்டி, இனித்த பாதியை மட்டும் அலமாரியில் வைத்துப் பூட்டுவதே தவறு. நன்றி என்பது ஒரு கடன் என்றால், எங்கள் இளமையின் மகிழ்ச்சிக்காக அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சொன்ன நன்றியில் ஒரு பங்கு அந்தப் பறவைகளுக்கும், ஒரு பங்கு எங்கள் தங்கைக்கும் உரியது. இருவருக்கும் நாங்கள் அதைச் செலுத்தவில்லை.

அப்பா இதை உணர்ந்திருந்தாரா? அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் சுடாத துப்பாக்கியை ஒருவர் 47 ஆண்டுகள் துடைத்ததற்குப் பொருள் என்ன என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம். பெருமையாக இருக்கலாம். பழக்கமாக இருக்கலாம். உழைத்த இயந்திரத்தின்மேல் பணிமனைத் தொழிலாளிக்குள்ள மரியாதையாகவும் இருக்கலாம். இவற்றுக்கும் அப்பால் ஏதேனும் இருந்திருந்தால் அதை இறைவன் அறிவார். அவர் சொல்லாததை அவர் வாயில் வைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

*

துப்பாக்கியை அரசிடமே கையளிப்பதென்று முடிவாயிற்று. அண்ணனே முன்வந்து அதைச் சொன்னார். அது இனி எங்கள் வீட்டில் இருந்தால், வருவோர்க்கெல்லாம் தேய்ந்த இடங்களைக் காட்டிக் கதை சொல்வோம். கதையில் மீண்டும் பாதியை விட்டுவிடுவோம் என்று அஞ்சுவதாகக் கூறினார். தங்கை வற்புறுத்தவில்லை. வேறு முடிவு எடுக்கும் குடும்பங்களும் இருக்கும். அவற்றை நாங்கள் குறைகூற மாட்டோம். கதையை முழுதாகச் சொல்லும் மனவலிமை உடையவர்கள் பொருளையும் வைத்துக்கொள்ளலாம்.

கையளித்த நாளில் எங்களுக்குப் பற்றுச்சீட்டுத் தரப்பட்டது. துப்பாக்கியின் எண்ணுக்குக் கீழே அதன் நிலையை ஒரே வரியில் எழுதியிருந்தார்கள்: இரட்டைக்குழல், 12 போர், பழையது, தேய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு நாங்கள் சொல்லக்கூடிய அத்தனை இடங்களும் அந்த இறுதிச் சொல்லில் அடங்கிவிட்டன.

வீடு திரும்பியதும் தங்கை அப்பாவின் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினாள். மூன்று பத்திகளும் முடிவுறும் இறுதிப் பக்கத்தில், அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே பேனாவால் ஒரு வரி எழுதினாள்: பறவைகள் – எண்ணவில்லை. எழுதி முடித்து, எங்கள் ஒவ்வொருவரிடமும் ஏட்டை நீட்டினாள். நால்வரும் அதன் கீழ் கையொப்பமிட்டோம்.

அந்த ஏடு இப்போது அலமாரியில், துப்பாக்கி இருந்த இடத்தில் இருக்கிறது. வாசகர்களே, உங்கள் வீட்டிலும் தேய்ந்த பொருள்கள் இருக்கும். அவற்றைத் தேய்த்த கைகளை நினைத்து நீங்கள் நெகிழ்வது இயல்பே. அடுத்தமுறை எடுத்துத் துடைக்கும்போது, அந்தக் கணக்கில் எழுதப்படாத பத்தி ஏதேனும் உண்டா என்றும் ஒருமுறை பாருங்கள். அதை நிரப்ப நம்மால் இயலாமற் போகலாம். அது வெறுமையாக இருக்கிறது என்று எழுதிக் கையொப்பமிட நம்மால் இயலும்.